டீக் ஷேட் பூசியும் பழைய நாற்காலியோடு நிறம் ஏன் சேரவில்லை?

தாத்தா காலத்துத் தேக்குச் சாப்பாட்டு மேசையும் நான்கு நாற்காலிகளும் வீட்டில் இருக்கின்றன. ஆள் கூடிவிட்டதால் அதே அளவில், அதே கடைசல் காலோடு இன்னும் இரண்டு நாற்காலி செய்து வாங்கியிருக்கிறீர்கள். பெயின்ட் கடையில் ‘டீக்’ என்று எழுதிய ஸ்டெயினை, அதாவது மரத்துக்கு நிறம் ஏற்றும் பூச்சை, வாங்கிப் பூசியதில் புதியவை செங்கல் நிறத்தில் நிற்கின்றன, பழையவையோ கருப்பட்டிப் பாகு நிறம். எந்த ஷேட் வாங்கியிருக்க வேண்டும் என்று படமும் இணைத்துக் கேட்கிறீர்கள். ஒரு பெயரைச் சொல்லிப் பதிலை முடித்துவிடலாம். நீங்களும் போய் இன்னொரு டப்பா வாங்குவீர்கள், அதுவும் சேராது, நாலாவது டப்பாவில் என்னைத் திட்டுவீர்கள். உண்மையில் உங்களுக்குத் தெரிய வேண்டியது, அந்தப் பழைய நாற்காலியின் நிறம் எங்கே இருக்கிறது என்பதுதான். மரத்திலா, மரத்தில் ஊறிய சாயத்திலா, மேலே இழுத்த பாலிஷிலா, அதற்கும் மேலே படிந்த அழுக்கிலா? அது பிடிபட்டால், புதியதில் எதை எந்த இடத்தில் போடுவது என்பதும் பிடிபடும்.

மதுரையில் 22 வருடமாக மரச்சாமான் பாலிஷும் பழுதுபார்ப்பும் செய்கிறேன். உடைந்த ஒற்றைக் காலுக்கு மாற்றுக் கால், தொலைந்த இழுப்பறைக்குப் புது முகப்பு, அக்கா தங்கை பிரித்துக்கொண்ட சோபாவுக்கு ஜோடி என்று வருகிற வேலையில் பெரும்பங்கு இந்த நிறம் சேர்க்கும் வேலைதான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: நீங்கள் சொல்லும் வயதுள்ள தேக்குச் சாமானில் ஸ்டெயினே பூசாமல் இருந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அன்றைய பாலிஷ்காரர்கள் சாக்பொடியில் கொஞ்சம் காவியும் மஞ்சள் காவியும் குழைத்துத் தேய்த்து மரத்தின் துளைகளை அடைப்பார்கள். அது காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுவிட்டு, மேலே அரக்கு பாலிஷ் இழுப்பார்கள். புரசு, இலந்தை போன்ற மரக்கிளைகளில் ஒட்டி வாழும் பூச்சி சுரக்கும் பிசின்தான் அரக்கு. இன்றும் ஜார்க்கண்ட் பக்கமிருந்துதான் அதிகம் வருகிறது. அந்தச் செதிலை ஸ்பிரிட்டில் கரைத்தாலே தேன் நிறம் வரும். பருத்தித் துணிக்குள் பஞ்சை வைத்துக் கட்டிய உருண்டையால் அதை மெல்லியதாக ஒன்றன்மேல் ஒன்றாக இருபது, முப்பது தடவை இழுத்தால், வெளிச்சம் அந்தத் தேனுக்குள் நுழைந்து மரத்தைத் தொட்டுத் திரும்பி வரும். நீங்கள் பார்க்கும் கருப்பட்டிப் பாகு நிறத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது. உங்கள் டப்பா ஸ்டெயினோ நிறத்தை மரத்தின் தோலிலேயே அப்பிவிடுகிறது. ஒன்று கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் நிறம், மற்றது சுவரில் அடித்த நிறம். ஷேட் எண்ணை மாற்றினால் சுவரின் நிறம் மாறுமே தவிர அது கண்ணாடி ஆகாது.

அடுத்தது மரம். இரண்டும் தேக்குதான், ஆனால் ஒரே தேக்கு இல்லை. காரைக்குடி பக்கத்துச் செட்டிநாட்டு வீடுகளில் தூணாகவும் கதவாகவும் நிற்பது பர்மாவிலிருந்து கப்பலில் வந்த காட்டுத் தேக்கு. உங்கள் தாத்தாவுடையதும் அப்படிப்பட்ட முதிர்ந்த கட்டையாக இருக்கலாம். இன்று மரக்கடையில் கிடைப்பதில் பெரும்பகுதி தோட்டத்தில் வளர்த்தது. நம் ஊர்த் தோட்டம், கானா, தென் அமெரிக்கா என்று எங்கிருந்தும் வருகிறது. தோட்டத் தேக்கு நல்ல மரம்தான், 1840களில் நிலம்பூரில் நட்ட தோட்டத்து மரங்கள் இன்றும் நிற்கின்றன. ஆனால் சீக்கிரம் வெட்டிய மரத்தில் வைரம் (முதிர்ந்த உள்மரம்) குறைவு, வெள்ளை (அதைச் சுற்றியுள்ள இளமரம்) அதிகம், வைரமும் வெளிறியிருக்கும். புது நாற்காலியின் முதுகுச் சட்டத்தை உற்றுப் பாருங்கள். ஓரத்தில் வெளுத்த பட்டை ஓடினால் அது வெள்ளைப் பகுதி. இரண்டுக்கும் ஒன்றாக எந்த ஸ்டெயினைப் பூசினாலும் அதன் நிறம் பக்கத்து வைரத்தோடு சேராது. இன்னொன்று, அறுத்த புதிதில் தேக்கு லேசாகப் பச்சை கலந்து, கறுப்பு வரிகளோடு திட்டுத்திட்டாக இருக்கும். வெளிச்சம் பட்டுப் பட்டு அந்தப் பச்சை போய், வரிகள் அடங்கி, பொன்பழுப்பாகும். உங்கள் புது நாற்காலி இன்னும் அந்தப் பயணத்தின் தொடக்கத்தில் இருக்கிறது. இதைப் பிறகு மறுபடி சொல்கிறேன், ஏனென்றால் நான் பட்ட அடி இதில்தான்.

ஸ்டெயின் என்ற ஒரே பெயரில் கடையில் இரண்டு சரக்கு இருக்கிறது. ஒன்று நிறமிப்பொடி கலந்தது. பொடி கரையாது, துளையிலும் உப்புத்தாள் கீறலிலும் போய்த் தங்கும், டப்பாவின் அடியிலும் தங்கும். முதல் நாற்காலியைக் கலக்காத மேல்பகுதியிலும் இரண்டாவதை அடி வண்டலிலும் பூசிவிட்டு, ஒரே டப்பாவில் இரண்டு நிறம் வந்ததே என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டாவது, கரையும் சாயம். இது மரத்துக்குள் ஊறும், ரேகையை மறைக்காது, ஆனால் வெயிலில் வெளுக்கும். பாலிஷ்காரர்கள் ஸ்பிரிட்டில் கரைக்கும் பிஸ்மார்க் பிரவுன் இந்த வகை. காவி, அம்பர் போன்ற மண்நிறமிகள் அவ்வளவு சுலபத்தில் வெளுக்காது. பொடி வகையாக இருந்தால் உப்புத்தாளின் எண் (எண் கூடக் கூடத் தாள் மென்மை) நேரடியாக நிறத்தை மாற்றும். 120இல் நிறுத்திய பலகை நிறைய பொடியைப் பிடித்துக்கொண்டு கறுக்கும், 220 வரை தேய்த்தது வழுவழுப்பாகி நிறத்தை வழுக்கிவிடும். உங்கள் நாற்காலியின் கடைசல் காலைப் பாருங்கள். கடையும்போது குமிழ்களிலும் கழுத்துகளிலும் மரத்தின் குறுக்குவெட்டு வெளியே வருகிறது. அது உறிஞ்சுகுழல் மாதிரி இழுத்துக் கறுத்துவிடும். சட்டம் சரியாக இருக்கிறது, கால் மட்டும் கருகியிருக்கிறது என்றால் காரணம் இதுதான். சட்டத்தை 180இல் நிறுத்தினால் குறுக்குவெட்டுகளை மட்டும் 320 வரை தேய்த்துவிடுங்கள், வித்தியாசம் வெகுவாகக் குறையும்.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு பழைய கதை. தொழிலுக்கு வந்த மூன்றாம் வருடம், ஒரு வீட்டின் பழைய செட்டோடு சேரும்படி நாற்காலிகளுக்கு நிறம் கொடுத்தேன். பட்டறையில் இரண்டு டியூப் லைட்டுக்குக் கீழே மாதிரி நாற்காலியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்துச் செய்தது. இரட்டைப் பிள்ளை மாதிரி சேர்ந்திருந்தது. மறுநாள் மதியம் அவர்கள் கூடத்தில், பெரிய சன்னலுக்கு முன்னால் இறக்கினோம். பழையவை சிவந்த பழுப்பு, என்னுடையவை பாசி பிடித்த பழுப்பு. அந்த வீட்டு அம்மா ஒன்றும் சொல்லவில்லை, காபி மட்டும் கொடுத்தார். அதுதான் ரொம்பச் சுட்டது. வேறுவேறு சாயங்களால் வந்த இரண்டு நிறம் ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிந்து இன்னொன்றில் பிரிந்துபோகும், இது இயற்பியல். ஜவுளிக்கடையில் சேலையை வாசலுக்கு எடுத்துப்போய்ப் பார்ப்பதும் இதனால்தான். அன்றிலிருந்து கடைசி முடிவை நான் பட்டறையில் எடுப்பதில்லை. சாமான் நிற்கப்போகும் அறையிலேயே, காலை பத்து மணி வெளிச்சத்தில் ஒரு தடவை, இரவு அவர்கள் வீட்டு விளக்கில் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான். நிற்கிற பக்கத்தை மாற்றியும் பார்க்க வேண்டும். ரேகை ஓடும் திசைக்கு எதிரே நின்று பார்த்தால் அதே பலகை ஒரு படி கறுத்துத் தெரியும்.

இன்னொரு அடி காலத்தால் பட்டது. பழைய ஊஞ்சல் பலகை ஒன்றில் ஓரம் இற்றுப்போக, புதுத் தேக்கு இணைத்து, இணைப்பே தெரியாத அளவுக்கு நிறம் சேர்த்துக் கொடுத்தேன். வீட்டுக்காரர் கை குலுக்கினார். ஒன்றரை வருடம் கழித்து வேறு வேலையாக அந்த வீட்டுக்குப் போனால், ஒட்டுப்போட்ட துண்டு பழையதைவிடக் கறுத்துக் கோடு கிழித்தது போலத் தெரிகிறது. நான் சேர்த்தது அன்றைய நிறத்தை. பழைய பலகை தன் மாற்றத்தை எல்லாம் முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தது, புதியது அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. அதன்மேல் இழுத்த எண்ணெய் வகை பாலியூரித்தேன் என்ற மேல்பூச்சும் வருடம் போகப்போக மஞ்சளடித்தது. ஆகவே புதுத் தேக்கை ஒருபோதும் முழுதாகச் சேர்க்காதீர்கள். ஒரு படி வெளிறலாகவே நிறுத்துங்கள், மீதியை வெளிச்சம் செய்யட்டும். எவ்வளவு மாறும், எத்தனை மாதத்தில் மாறும் என்று கேட்டால் அதற்கு உறுதியான அளவுகோல் கிடையாது. மரம், சன்னல், மேல்பூச்சு மூன்றையும் பொறுத்தது. நேரம் இருந்தால் பூசுவதற்கு முன்பே பூச்சில்லாத வெறும் மரத்தை மொட்டைமாடி வெயிலில் சில நாள் திருப்பித் திருப்பிக் காட்டி எடுங்கள். மாற்றத்தின் முதல் பாய்ச்சல் அங்கேயே முடிந்துவிடும். சந்தேகமிருந்தால் ஒரு துண்டுப் பலகையில் நாணயத்தை வைத்து வெயிலில் போட்டுப் பாருங்கள், வட்டம் விழும். நாற்காலியைக் காயவிடும்போது மூட்டுகளில் ஈரத் துணி போடாதீர்கள், கொளுத்தும் மதிய வெயிலில் விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள், பசை விட்டுவிடும்.

இனி உங்கள் வேலை. ஸ்டெயின் டப்பாவை மூடிவைத்துவிட்டுப் பழைய நாற்காலியிலிருந்து ஆரம்பியுங்கள். நாலும் ஒரே நிறமா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. சன்னல் பக்கம் நின்றது வெளுத்திருக்கும், தாத்தா உட்கார்ந்ததன் கைப்பிடி எண்ணெய் ஏறிக் கறுத்திருக்கும். இது உங்களுக்குச் சாதகம்; இரண்டு புதியவையும் இந்த நான்கின் எல்லைக்குள் எங்கேயாவது விழுந்தால் போதும். அடுத்து, ஒன்றைத் துடையுங்கள். மினரல் டர்பன்டைனைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் மெழுகும் எண்ணெய்ப் பிசுக்கும் வரும், பிறகு துளி சோப்பு கலந்த நீரில் பிழிந்த துணியால் துடைத்து உடனே காயவையுங்கள். பஞ்சு கறுத்து வருவதைப் பார்த்தாலே, நீங்கள் சேர்க்க நினைத்த நிறத்தில் எவ்வளவு பங்கு அழுக்கு என்பது தெரியும். சிறிய இடத்துக்கு எச்சில் தொட்ட பஞ்சே போதும். அருங்காட்சியகங்களில் பழம்பொருள் துலக்குபவர்களும் இதைச் செய்கிறார்கள், முகம் சுளிக்க வேண்டாம். பழையதை உப்புத்தாள் போட்டுப் புதியதோடு சேர்க்கலாமே என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அறுபது எழுபது வருடம் சேர்ந்த மேற்பரப்பு அரை மணியில் தூசியாகப் போய்விடும், திரும்ப வராது.

துடைத்த பின், பின்கால் அடியில் கண்ணில் படாத இடத்தில் ஒரு துளி ஸ்பிரிட் வைத்து ஒரு நிமிடம் கழித்து விரலால் தொடுங்கள். பிசுபிசுத்தால் மேலே இருப்பது அரக்கு. ஒன்றும் ஆகவில்லையென்றால் தள்ளி வேறிடத்தில் ஒரு துளி தின்னர். அதில் இளகினால் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் பின்னாளில் யாரோ மெலமைனோ பாலியூரித்தேனோ அடித்திருக்கிறார்கள். மேசைப் பலகையைத் தனியாகச் சோதியுங்கள். அரக்கு சூட்டுக்கு இளகும், ரசப் பாத்திரத்தை அப்படியே வைத்தால் வெள்ளை வளையம் விழும்; அதனால் நாற்காலியை விட்டுவிட்டு மேசைக்கு மட்டும் வேறு பூச்சு அடித்த வீடுகள் நிறைய. எந்தப் பூச்சோ அதே பூச்சைப் புதியதிலும் போட்டால் நிறம், மினுக்கு இரண்டும் பாதித் தூரம் தானாகவே வந்து சேரும். மினுக்கைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ‘நிறம் சேரவில்லை’ என்று வரும் சாமானில், நிறம் சேர்ந்து பளபளப்பு சேராமல் வந்தவையும் எனக்கு வந்திருக்கின்றன. மெல்லிய இரும்புப் பஞ்சில் மெழுகு தொட்டு ரேகை வாக்கில் தேய்த்து மினுக்கை ஒரு படி இறக்கினேன், வேலை முடிந்தது.

செங்கல் நிறமாகிவிட்ட இரண்டையும் என்ன செய்வது? இதில் ஒரு விதி மாறாதது: மேலே பூசிக் கறுப்பாக்க முடியும், வெளுப்பாக்க முடியாது. இப்போதிருக்கும் நிறம் பழையதைவிடக் கறுத்திருந்தால் தின்னர் விட்டுத் துடைத்து, 120 தாளில் ஆரம்பித்து மறுபடி மரத்துக்குப் போவதைத் தவிர வழியில்லை. வெளிறியே இருந்து சிவப்பு மட்டும்தான் தொந்தரவு என்றால் தப்பிக்கலாம். பழுப்பு என்பது இருண்ட ஆரஞ்சுதான். சிவப்பை அடக்கப் பச்சை, மஞ்சளை அடக்க ஊதா, ஆரஞ்சை அடக்க நீலம் என்று எதிர்நிறத்தில் ஒரு துளி வேண்டும். நான் நேரடியாகப் பச்சையைத் தொடுவதில்லை. ஓவியச் சாமான் கடையில் டியூபில் கிடைக்கும் ரா அம்பரில் இயல்பாகவே பச்சைச் சாயல் உண்டு. அதை ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் விட்டு நீர்க்கக் கரைத்து, சீலர் என்ற அடைப்புப் பூச்சு அடித்துக் காய்ந்த நாற்காலிமேல் துணியால் பூசி உடனே துடைத்தால், சிவப்பு கண்ணெதிரே அடங்கும். பர்ன்ட் சியன்னா இதற்கு நேர் எதிர், சிவப்பைக் கூட்டும். பர்ன்ட் அம்பர் நிறத்தை அதிகம் திருப்பாமல் கறுப்பாக்கும். இந்த மூன்று டியூபும் ஒரு மஞ்சள் காவியும் இருந்தால் தேக்குக்கு வேறு எதுவும் தேவைப்படாது. ‘வால்நட்’, ‘ரோஸ்வுட்’ என்று டப்பாவில் எழுதியிருப்பது அந்தக் கம்பெனிக்காரர் வைத்த பெயர், மரத்தின் பெயர் இல்லை; ஒருவருடைய வால்நட் இன்னொருவருக்கு மகோகனி.

மரத்துக்கே போய்விட்டீர்கள் என்றால், நாற்காலி செய்த தச்சரிடம் அதே கட்டையின் கழிவுத் துண்டுகள் நாலைந்து கேட்டு வாங்குங்கள், வெள்ளையும் வைரமும் சேர்ந்தாற்போல. அவர் அடுப்புக்குக் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டும். துண்டையும் நாற்காலியைத் தேய்க்கும் அதே எண் தாள் வரைக்குமே தேய்த்து, ஸ்டெயின், சீலர், மேல்பூச்சு மூன்றையும் முழுதாகப் போட்டு, பின்பக்கம் பென்சிலால் அளவை எழுதிவையுங்கள். ஸ்டெயின் மட்டும் பூசிப் பார்த்து முடிவெடுப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுவது. ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்ததும் வெளிறி இன்னொரு நிறம், பாலிஷ் ஏறியதும் கறுத்து மூன்றாவது நிறம். அளவுக்கு ஊசி கழற்றிய சிரிஞ்சு வைத்துக்கொள்ளுங்கள். 100 மில்லிக்கு எத்தனை மில்லி என்று எழுதியிருந்தால்தான் இரண்டாம் நாற்காலிக்கும் அதே நிறம் வரும். ‘கண்ணளவு’ என்று சொல்லும் மூத்த பாலிஷ்காரர்களைப் பார்த்து மலைத்திருக்கிறேன். அவர்கள் கண் நாற்பது வருடக் கண், நமக்கு சிரிஞ்சு.

பூசும் வரிசையில் நான் செய்வது இது. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப்பசை உண்டு, அது எண்ணெய் வகைப் பூச்சுகளைக் காயவிடாமல் இழுத்தடிக்கும். அதனால் முதலில் தின்னர் தொட்ட துணியால் ஒரு துடைப்பு. பிறகு வெள்ளைப் பகுதிக்கு மட்டும் சின்னத் தூரிகையால் நீர்த்த சாயம், பக்கத்து வைரத்தின் நிறம் வரும்வரை. அதற்குப் பின் மொத்த நாற்காலிக்கும், தேவைப்பட்டால் மட்டும், தேவைக்குப் பாதி அளவுக்கு நீர்த்த ஸ்டெயின். இங்கேயே முழு நிறத்தையும் கொண்டுவந்துவிட வேண்டும் என்ற ஆசையை அடக்குவதுதான் இந்த வேலையின் கடினமான பகுதி. மேலே அரக்கு: ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 200 முதல் 250 கிராம் செதில். வெளிர் செதில் வேண்டாம், ஆரஞ்சுச் செதில் வாங்குங்கள்; பழைய நாற்காலியின் தேன் அதில்தான் இருக்கிறது. இரண்டு மூன்று தடவை இழுத்த பிறகும் சாயல் பின்தங்கினால் அந்த அரக்கிலேயே ஸ்பிரிட் சாயம் சில துளி விட்டு இழுக்கலாம், ஒவ்வொரு இழுப்புக்கும் கால் படி ஏறும். மிஞ்சிவிட்டால் ஸ்பிரிட் துணியால் அந்த அடுக்கை மட்டும் துடைத்தெடுக்கலாம். மரத்தில் ஊறிய ஸ்டெயினில் இந்தப் பின்வாங்கல் கிடையாது. அரக்குக்கு மேல் பாலியூரித்தேன் அடிக்கும் எண்ணமிருந்தால் மெழுகு நீக்கிய அரக்குதான் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் மேல்பூச்சு பிடிக்காது. தண்ணீர் வகை பாலியூரித்தேன் மஞ்சளடிக்காது என்பது நல்லதுதான். ஆனால் பழையதன் வெதுவெதுப்பு அதில் வராது, பிளாஸ்டிக் உறை போட்ட மாதிரி இருக்கும். இது என் ருசி, எல்லோரும் ஒப்புக்கொள்வதில்லை. எதுவானாலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் அரக்கும் லாக்கரும் இழுக்காதீர்கள். காற்றின் ஈரம் பூச்சுக்குள் சிக்கி வெள்ளை பூத்துவிடும், அதை நிறப் பிழை என்று நினைத்து மேலும் சாயம் விட்டுக் கெடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

டீத்தண்ணி, காபி டிகாஷன், காடியில் ஊறப்போட்ட இரும்பு, பெர்மாங்கனேட் என்று இணையத்தில் சொல்கிறார்களே என்று அடுத்துக் கேட்பீர்கள். டீயும் காபியும் சாயல் தரும், ஆனால் மிக லேசாக. நிற்கும் என்று நம்பி நான் பயன்படுத்த மாட்டேன். காடியில் கரைந்த இரும்பு மரத்தின் துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து சாம்பல்கறுப்பாகும் என்பது உறுதி. கருவேலம் போல் துவர்ப்பு நிறைந்த கட்டையில் மசி மாதிரி கறுக்கும். ஆனால் தேக்கில் துண்டுக்குத் துண்டு ஒவ்வொரு விதமாக வரும், இரண்டு நாற்காலியை ஒரே நிறத்தில் கொண்டுவர அது கருவியே அல்ல. பெர்மாங்கனேட் ஊதாவாகப் பூசிப் பழுப்பாக மாறும், பார்க்க வேடிக்கையாக இருக்கும், நாளாக நாளாக வெளுக்கும். பழைய ஆட்கள் சொல்லும் டைகுரோமேட்டைத் தொடவே தொடாதீர்கள், அது புற்றுநோய் தரும் சரக்கு. ஆளிவிதை எண்ணெய் தொட்ட துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது அதுவே சூடேறித் தானாகத் தீப்பிடிக்கும், பயமுறுத்தச் சொல்லவில்லை. வெளியே விரித்துக் காயவைத்துப் பிறகு எறியுங்கள்.

இவ்வளவும் தேக்குக்குச் சொன்னது. தேக்கு இல்லாத சாமான் வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் ஒரு வார்த்தை: காலம் எல்லா மரத்தையும் ஒரே பக்கம் தள்ளுவதில்லை. பலா புதிதில் மஞ்சள் கிழங்கு போல் இருந்து, வருடங்களில் செம்பழுப்பாகக் கறுக்கும். ஈட்டி நேர்மாறு, அதன் ஊதாச் சாயல் வெளிச்சத்தில் போய் வெளிறும். அதனால் ஈட்டிக்குப் புதியதை ஒரு படி கறுத்தே நிறுத்தலாம். ஈட்டியில் இன்னொரு தொல்லை, ஸ்பிரிட் பட்டதும் அதன் சாயம் இளகித் துணியோடு வரும், பக்கத்து வெள்ளைப் பகுதியில் இழுத்துப் பூசிவிடும். வேங்கை தண்ணீர் பட்டாலே நிறம் விடும், அதன் மேல் தண்ணீர் வகை ஸ்டெயின் வேண்டாம்.

நீங்கள் இணைத்திருந்த படத்தை வைத்து நான் அளவு சொல்ல மாட்டேன், யார் சொன்னாலும் நம்பாதீர்கள். கைபேசி தானாகவே நிறத்தைத் திருத்திக்கொள்கிறது. ஒரே படத்தில் இரண்டு நாற்காலிக்கும் உள்ள வித்தியாசத்தின் திசை தெரியுமே தவிர அளவு தெரியாது. உங்கள் படத்தில் புதியதில் சிவப்பு மிஞ்சியிருக்கிறது, கறுப்பு போதவில்லை; அந்த அளவுக்கு மட்டும் சொல்லலாம். அதனால் முதலில் மரத்தைச் சுரண்டாமல் சீலரும் ரா அம்பரும் முயன்று பாருங்கள், இருக்கையின் அடிப்பக்கத்தில் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு. கடைசியாக ஒன்று, இதற்குச் செலவே இல்லை. புதிய இரண்டையும் பழைய நாற்காலிக்குப் பக்கத்தில் ஜோடியாகப் போடாமல், மேசையின் இரண்டு தலைமாட்டிலும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். தலைமாட்டு நாற்காலி கொஞ்சம் வேறாக இருப்பது கண்ணுக்குப் பழகிய விஷயம். நடுவில் மேசையின் நீளமும் குறுக்கே வந்துவிடுவதால் கண் இரண்டு நிறத்தையும் ஒட்டிவைத்துப் பார்க்காது.